மீனுக்குப் போர்த்திய படுதா

பிள்ளைகளே, போன பொங்கல் லீவுக்கு நீங்கள் கோயம்புத்தூரில் அத்தை வீட்டில் இருந்தபோது, குன்னூரில் நம் வீட்டு மீன் தொட்டியில் நடந்ததை முழுதாக உங்களிடம் சொன்னதில்லை. பெரிய கெண்டை செத்துப்போச்சு என்று மட்டும் சொன்னேன்.

அந்த வாரம் உறைபனி கடுமை. புல்லெல்லாம் உப்புக் கொட்டியது போல வெளுத்துக் கிடந்தது. எஸ்டேட் நாற்றங்காலில் என் வேலையே பனிக்கு முன் தேயிலை நாற்றுகளை மூடுவதுதான். நீங்கள் குஞ்சிலிருந்து வளர்த்த மீன்களும் பிழைக்கட்டும் என்று, பாசி பிடித்த அந்தத் தொட்டியை நானும் அம்மாவும் பிளாஸ்டிக் படுதாவால் மூடினோம். பனி புகாதபடி ஓரமெல்லாம் கல் வைத்தோம். பகலிலும் வெயில் இல்லாததால் எடுக்கவே இல்லை.

நீங்கள் திரும்பும் நாள் காலையில் இரை போடப் படுதாவை விலக்கிய அம்மா போட்ட சத்தத்தில் ஓடிப்போனேன். எல்லா மீனும் மேலே வந்து, வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. செவுள்கள் படபடவென்று அடித்தன. கையை நீட்டினேன், ஒன்றுகூட விலகி ஓடவில்லை. தண்ணீருக்குள் இருக்கும் மீனுக்கு மூச்சுத் திணறுமா?

“என்னங்க இது! குளிருமேன்னுதானுங்க போத்துனோம்!” என்று அம்மா அழுதாள்.

எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டு அக்கா, “மீனுக்குக் கம்பளி போத்துன ஆளை இன்னைக்குத்தானுங்க பாக்கறேன்” என்றார். சொல்லிக்கொண்டே குடத்தோடு வந்துவிட்டார். “நின்னு பாத்துட்டே இருந்தா ஆச்சுங்களா? மோந்து மோந்து ஒசரத்துல இருந்து ஊத்துங்க. காத்து கலக்கட்டும்!”

மூவரும் விரல் மரத்துப்போகும்வரை ஊற்றினோம். வெகுநேரம் கழித்து மீன்கள் ஒவ்வொன்றாக அடியில் இறங்கின. பெரிய கெண்டை மட்டும் இறங்கவில்லை. அதன் செவுளைத் தூக்கிப் பார்த்தேன். சிவப்பே இல்லை, கருத்துக் கிடந்தது.

மதியம், மீன் பண்ணையில் வேலை பார்க்கும், எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணுக்குப் போன் செய்தேன். கெண்டை இந்தக் குளிரைத் தாங்குமாம். தண்ணீரில் கரைந்த காற்று குறைவதுதான் ஆபத்தாம். வெளிச்சம் இல்லாவிட்டால் பாசியும் அதே காற்றைத்தான் இழுக்குமாம். செவுள் வேகமாக அடிக்கும்போதே இதயம் துடிப்பைக் குறைத்து, உயிரைப் பிடித்து வைக்கப் பார்க்குமாம். ஒரு சத்தமும் போடாமல் அத்தனை பாடு! குளிருக்குப் பயந்த நாங்கள் மூச்சை நினைக்கவே இல்லை.

சாயங்காலம் அம்மா உங்களை அழைத்துவர பஸ் ஸ்டாண்டுக்குப் போனாள். வீட்டில் நான் மட்டும். நீங்கள் படுக்கும் அறையில், வழக்கம்போல் கரி அடுப்பு வைத்து, ஜன்னல் இடுக்கெல்லாம் துணி அடைத்திருந்தோம். அடுப்பைத் தூக்கி வாசலில் வைத்தேன். பிறகு அந்தத் துணிகளை ஒவ்வொன்றாக உருவி எடுத்தேன்.