மூடிய அறையில் வெங்காயச் செடிகள்

தொண்ணூறுகளின் இறுதியில், ஐப்பசி மழை வலுத்தபோது, மாடித் தொட்டிகளில் இருந்த சின்ன வெங்காயச் செடிகளை என் மனைவியின் அறைக்குள் இறக்கி வைத்தேன். எங்கள் நாகல் நகர் வீட்டில் வெளிச்சம் நன்றாக விழும் அறை அதுதான். அவள் இறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. அவள் கடைசியாக நட்டவை அச்செடிகள்.

அறையின் கண்ணாடிச் சன்னல்களை நான் திறக்கவே இல்லை. சில நாட்களில் சுவர்கள் வியர்த்தன. வெங்காயத் தாள்களில் ஊதாப் புள்ளிகள் விழுந்து, நுனிகள் கருகி மடிந்தன.

அகரத்திலிருந்து வந்த அவள் தங்கை முகத்தைச் சுளித்தாள்.

"என்ன அத்தான் இது, இம்புட்டுப் புழுக்கத்துல வச்சா அழுகாம என்ன செய்யும்? காலேஜ்ல தாவரவியல் நடத்துன மனுசன்தானே நீங்க?"

"தெரியும்மா. சன்னலைத் தொறந்தா உங்க அக்கா வாசம் போயிரும்."

அவள் மூச்சை இழுத்துப் பார்த்தாள். பிறகு மெல்லச் சொன்னாள்: "இங்க ஈர நாத்தம்தான் அடிக்குது, அத்தான்."

நானும் மூச்சை இழுத்துப் பார்த்தேன். அவள் சொன்னது உண்மைதான். எழுந்து சென்று சன்னல்களை நானே திறந்தேன்.

பாதிச் செடிகள் பிழைத்தன. இல்லாத ஒன்றைக் காப்பதாக எண்ணி, என் மனைவி விட்டுச்சென்ற உயிர்களை அழிய விட்டிருந்தேன். அந்த அறையை அதன்பின் நான் அடைத்ததில்லை.