பரிவானா நீட்டிய கோப்பை

பரிவானா எந்த அரசனுக்கும் கொடி பிடித்தவள் அல்ல. கள் காய்ச்சுகிறவள். முளைவிட்ட மக்காச்சோளத்தை இடித்து, கொதிக்கவைத்து, ஆளுயரத் தாழிகளில் புளிக்கவிடுவாள். ஆற்றின் இரு கரையிலும் அவள் கள்ளுக்கு ஈடில்லை என்பது எங்கள் ஊரார் கட்சி.

பேரரசர் வடக்கே நோயில் இறந்தார். தலைநகர் குஸ்கோவில் இருந்த மகன் "நானே அரசன்" என்றான். வடக்கே படையோடு இருந்த மகனும் அதையே சொன்னான். இருவருக்கும் போர் மூண்டது. குஸ்கோ படைக்கு எங்கள் ஊரிலிருந்து போனவர்களில் பாதிப்பேர் திரும்பவில்லை. பரிவானாவின் கணவன் ரிமாக் திரும்பினான், தோளில் கவண்கல் பட்ட காயத்தோடு. மறுபடி ஆள் எடுத்தால், போர் பார்த்தவன் என்று அவனைத்தான் முதலில் இழுப்பார்கள்.

விதைப்புக்கு முன்னால் குஸ்கோ படையினர் மறுபடி ஆள் எடுக்க வந்தார்கள். படைத்தலைவன் பெயர் சல்கோ.

எங்கள் மலையில் ஒருவரிடம் உழைப்பைக் கேட்பவர், அரசரே ஆனாலும், சோடிக் கோப்பைகளில் கள் ஊற்றி ஒன்றை நீட்டவேண்டும். மற்றதைத் தான் குடிக்கவேண்டும். நீட்டியவர் கேட்கலாம். வாங்கிக் குடித்தவர் மறுக்கக்கூடாது. வயல் வேலைக்கும் அதுதான், போருக்கும் அதுதான்.

"ஏம்மா, உன் தாழியில இருக்கறதக் கொண்டா. ஊர்த்தலைவருக்கு நான் குடுக்கணும்" என்றான் சல்கோ.

"அரசாங்கக் கிடங்குல இல்லீங்களா?"

"கிடங்குல எலிதான் இருக்கு."

"அதுவும் எங்க ஊரு எலிதான். இருங்க, வரேன்."

இரண்டு மரக்கோப்பைகளோடு வந்தாள். இரண்டையும் சல்கோ கையில் கொடுத்திருக்கவேண்டும். ஒன்றை மட்டும் நீட்டினாள். கணவாய் ஏறி இறங்கிய தொண்டை. ஒரே மடக்கில் குடித்துவிட்டான். மற்றதை அவள் குடித்து உதட்டைத் துடைத்துக்கொண்டாள்.

"நல்லா இருந்துச்சா?"

"பிரமாதம்."

"அப்ப நான் கேக்கறேன். எங்க ஆம்பளைங்கள விட்டுட்டுப் போங்க. வாய்க்கால் வேற மண்ணு தூந்து கெடக்கு, அதையும் வாரிக் குடுத்துடுங்க."

படைவரிசையில் யாரோ ஒருவன் சிரித்தான். சல்கோவின் கை தண்டாயுதத்துக்குப் போனது.

"கொண்டாரத்தான் சொன்னேன், நீட்டச் சொல்லல!"

"நீட்டினா குடிச்சிடறதா?"

வரிசையிலிருந்து நரைத்த வீரன் ஒருவன் முன்னால் வந்தான். "தலைவரே, உங்க கையால வாங்கிக் குடிச்சோம்னுதான் நாங்க இவ்வளவு தூரம் வந்தோம். குடிச்சதுக்கு மதிப்பில்லன்னா, நாங்க எதுக்கு இங்க நிக்கறோம்?"

யாரும் சிரிக்கவில்லை இப்போது. அவளை அடித்தால் படை வீட்டுக்குப் போய்விடும் என்பது சல்கோவுக்குப் புரிந்தது. ஆயுதத்திலிருந்து கையை எடுத்துவிட்டு, "வாய்க்கா எந்தப் பக்கம்?" என்றான்.

ஊர்த்தலைவர் வல்பா பரிவானாவைத் தனியே இழுத்தார். "அடியே, மண்டையப் பொளந்திருப்பான்!"

"பொளந்துட்டு யாரு காய்ச்சறதக் குடிப்பாரு?"

மாலையில் சேறு பூசிய கால்களோடு படை கிளம்பியது. "அடுத்த தடவ நானே கள்ளு கொண்டாறேன்" என்றான் சல்கோ.

"கொண்டாங்க. ருசி பாத்துச் சொல்றேன்."

அவன் வரவே இல்லை. அவன் பக்கம் தோற்றுவிட்டது. படை கிளம்பிய மறுநாளே வாய்க்காலில் தண்ணீர் வந்திருந்தது. காயம்படாத தோளால் உழுகோலை அழுத்தி ரிமாக் மண்ணில் குழி போட, பரிவானா பின்னால் விதையைப் போட்டுக்கொண்டே போனாள்.