குமுதவல்லிக்கு நடந்த கல்யாணம்

விருத்தாசலத்தில் பொம்மைக் கம்பெனிக்கு வேலைக்குப் போகிற பெண்களில் ராஜம்மாளைப் போல வாய்விட்டுச் சிரிக்கிறவள் இன்னொருத்தி கிடையாது. அவள் சிரிக்க ஆரம்பித்தால், பக்கத்தில் கரண்டு பெட்டிக்குப் பீங்கான் ஃபியூஸ் கேரியர் செய்கிற கம்பெனி ஆட்கள் மதில்மேல் தலையை நீட்டி, "என்னாக்கா, எங்களுக்கும் சொல்லேன்" என்பார்கள். சொல்லவும் செய்வாள். அதில் முக்கால்வாசி இட்டுக்கட்டியது.

அவளுக்கு வேலை முகம் எழுதுவது. அச்சில் வார்த்து, காயவைத்து, சூளையில் சுட்டெடுத்த பொம்மை வெள்ளை வெளேரென்று வந்து நிற்கும். புடவைக்கும் நகைக்கும் மற்றவர்கள் வண்ணம் பூசுவார்கள். கண், புருவம், உதடு மூன்றும் ராஜம்மாள் கைக்குத்தான் வரும். எழுதி முடித்தபின் பொம்மை இன்னொரு முறை சூளைக்குள் போகும். போய்வந்த பிறகு நகம் தேயச் சுரண்டினாலும் அந்த வண்ணம் வராது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வம்பு வந்ததே இதனால்தான்.

நாற்பத்தாறு வயதுக்கு அவளுக்கு இருந்த ஒரே பைத்தியம் நடிகை குமுதவல்லி. மத்தியானம் கேபிள் டிவியில் கறுப்பு வெள்ளைப் படம் ஓடிக்கொண்டிருக்கும். சேனல் மாற்றப் போகிறவன் குமுதவல்லி வருகிறாள் என்றால் ரிமோட்டைக் கீழே வைத்துவிடுவான். என்ன மாயமோ! ஐம்பது வருஷத்துக்கு முந்திய படம், பாதிக்குமேல் கோடு விழுந்த பிரதி, ஆனாலும் அவள் ஒரு புருவத்தை மட்டும் தூக்கிச் சிரித்தால் கல்லூரிக்குப் போகிற பெண்கள்கூட கண்ணாடி முன்னால் நின்று தூக்கிப் பார்க்கிறார்கள். இடது உதட்டோரத்துக்குக் கீழே ஒரு மச்சம். அந்த மச்சத்துக்காகவே ஒரு காலத்தில் ஊர் ஊராகக் கூட்டம் அலைந்ததாம்.

அழகு இருந்து என்ன? குமுதவல்லி அழுதால் படம் நன்றாக ஓடுகிறது என்று படம் எடுக்கிறவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். அப்புறம் அவளைச் சிரிக்க விடுவார்களா? படத்துக்குப் படம் மணவறை வரைக்கும் அழைத்துவந்து, தாலி கட்டப் போகிற நேரத்தில் எவனாவது ஒருவனை வாசலில் கொண்டுவந்து நிறுத்திக் கல்யாணத்தை நிறுத்துவார்கள். குமுதவல்லி மாலையோடு எழுந்து நிற்பாள். கொட்டகையே மூக்கைச் சிந்தும்.

சொந்த வாழ்க்கையும் அதற்குக் குறைச்சல் இல்லை. முதலில் கட்டிக்கொண்டவன் அவள் சம்பாதித்த பங்களாவைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டான். இரண்டாவது ஆளுக்கு ஏற்கெனவே ஒரு குடும்பம் இருந்தது, அது கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரிந்தது. மூன்றாவதாக வந்தவன் கோர்ட்டு, கேஸ் என்று இழுத்துவிட்டுக் காணாமலே போனான். படங்கள் நின்றன. உடம்பு கெட்டது. பத்திரிகைக்காரர்கள் வாய்க்கு வந்ததை எழுதினார்கள். அப்புறம் ஒருநாள் கதவைச் சாத்திக்கொண்டவள்தான். மெட்ராஸில் ஏதோ ஒரு சந்தில் இருக்கிறாள் என்பார்கள், பார்த்ததாகச் சொல்ல ஆள் கிடையாது.

"பாவம், ஒரு கல்யாணமாச்சும் ஒழுங்கா நடந்துச்சா அவளுக்கு?" என்று ராஜம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து புடவைக்குச் சரிகை எழுதுகிற கண்ணம்மாளிடம் அங்கலாய்ப்பாள்.

"ஒனக்கு நடந்ததாக்கும்?" என்பாள் கண்ணம்மாள்.

அதுவும் நியாயம்தான். ராஜம்மாளின் புருஷன் சாமிதுரை வேப்பூரில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவன். ரோட்டோர ஓட்டல் ஒன்றில் சாப்பிடப் போனவன் அங்கேயே ஒரு குடும்பத்தையும் வைத்துக்கொண்டான். கொஞ்ச வருஷம் கழித்து அங்கேயும் துரத்திவிட்டார்கள் போலிருக்கிறது, ஒரு காலையில் தோள்பையோடு ராஜம்மாள் வாசலில் வந்து நின்றான். தெருவே வேடிக்கை பார்த்தது. ராஜம்மாள் கத்தவில்லை, அழவில்லை. இஞ்சி தட்டிப்போட்டு ஒரு டீ போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள்.

"குடிச்சிட்டுப் போயிட்டு வாங்க" என்றாள்.

அவ்வளவுதான். அவன் குடித்துவிட்டுப் போனான். அன்றைக்கு வேலைக்கு வந்தவள் சிரித்த சிரிப்பில்தான் பக்கத்துக் கம்பெனி ஆட்கள் முதல்முதலாக மதில்மேல் எட்டிப் பார்த்தார்கள். அதற்கப்புறம் தனி ஆளாக இருந்து, மகள் பூர்ணிமாவை நர்சிங் படிக்கவைத்து, தவறாமல் படம் பார்த்து, நன்றாகத்தான் இருந்தாள்.

இரண்டாயிரத்து ஐந்தாம் வருஷம் கொலுவுக்கு மயிலாப்பூர் கடைக்காரர் ஒருவர் கல்யாண செட் கேட்டார். பெண், மாப்பிள்ளை, ஐயர், நாயனக்காரர், தவில்காரர், பந்தியில் உட்கார்ந்திருக்கிறவர்கள் என்று முழுக் கல்யாணம். ராஜம்மாள் முதல் மணப்பெண்ணைக் கையில் எடுத்தாள். கண் எழுதினாள். ஒரு புருவம் தானாகவே கொஞ்சம் மேலே போனது. உதட்டில் சிரிப்பு வந்தது. எழுதி முடித்துவிட்டுப் பார்த்தால் குமுதவல்லி உட்கார்ந்திருக்கிறாள், பக்கத்தில் மாப்பிள்ளை, எதிரே ஐயர். வாசலில் எவனும் கிடையாது. ராஜம்மாள் தூரிகை நுனியைக் கறுப்பில் தொட்டு, இடது உதட்டோரத்துக்குக் கீழே மச்சத்தை வைத்துவிட்டாள். அப்புறம் எத்தனை பெண்கள் வந்தார்களோ அத்தனை பேரும் குமுதவல்லிதான்.

"அடிப்பாவி, மொதலாளி பாத்தா?" என்றாள் கண்ணம்மாள்.

"நடக்கட்டும்டி. இங்கயாச்சும் அவளுக்குத் தாலி ஏறட்டும்."

முதலாளி பழமலைநாதன் பார்த்துவிட்டார். சின்ன வயசு, அப்பாவுக்குப் பிறகு கம்பெனிக்கு வந்தவர், எதையும் இரண்டு முறை கேட்கிற சுபாவம்.

"யக்கா, இது என்னா கறுப்பா? பெயிண்ட் தெறிச்சிருக்குதா?"

ராஜம்மாளுக்கு வாயில் வந்தது பொய்தான். "திருஷ்டிப் பொட்டுங்க மொதலாளி. கல்யாணப் பொண்ணாச்சே, கண்ணு பட்டுடக் கூடாதில்ல?"

பழமலைநாதன் யோசித்தார். முகம் மலர்ந்துவிட்டது. "நல்லாருக்குதே! அப்போ பொண்ணுக்கு மட்டும் வெச்சா போதுமா? எல்லாருக்கும் வெச்சுடுங்க."

பொய் சொன்ன வாய்க்குத் தண்டனை கை அனுபவித்தது. மாப்பிள்ளைக்குக் கன்னத்தில் பொட்டு, ஐயருக்குப் பொட்டு, தவில்காரருக்குப் பொட்டு, பந்தியில் சாம்பாருக்குக் காத்திருக்கிறவனுக்கும் பொட்டு. கண்ணம்மாள் ஒவ்வொரு பொம்மைக்கும் சிரித்துச் சிரித்துச் சரிகையைக் கோணலாக எழுதினாள். எல்லாம் சூளைக்குள் போய் வெந்து வந்தன.

சரக்கைப் பார்த்துவிட்டுப் போக மயிலாப்பூர் கடைக்காரர் கலியமூர்த்தி காலை ரயிலில் வந்து இறங்கினார். பெயிண்ட் பிரிவின் வாசலிலேயே நின்று ஒரு தவில்காரரைக் கையில் வாங்கினார். பொட்டைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார். அப்புறம் மணப்பெண்ணை வாங்கினார். சிரிப்பு நின்றுவிட்டது.

"இது குமுதவல்லி இல்ல?"

பழமலைநாதன் விழித்தார். ராஜம்மாள் தூரிகையைக் கீழே வைத்தாள்.

"பழமலை, இது வேணாம்பா. கொலுவுல கல்யாண செட்ட யாரு வைக்கிறாங்க? வூட்டுல கல்யாணத்துக்குப் பொண்ணு இருக்கிறவங்க, இந்த வருஷம் நடக்கணும்னு வேண்டிக்கிட்டு வைக்கிறாங்க. மூணு கல்யாணம் முறிஞ்சவ மூஞ்சிய அவங்க வூட்டுல கொண்டுபோய் வைக்கச் சொல்றியா? ஒருத்தரும் தொடமாட்டாங்க."

"சுரண்டி எடுத்துடலாமாக்கா?" என்று பழமலைநாதன் ராஜம்மாளைப் பார்த்தார்.

"வெந்தது வராதுங்க மொதலாளி."

"அப்போ பொண்ணுங்கள மட்டும் ஒடைச்சிட்டு வேற வாத்துடலாம்."

ராஜம்மாள் எழுந்துவிட்டாள். அடுக்கில் வரிசையாக உட்கார்ந்திருந்த மணப்பெண்களுக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள்.

"திருஷ்டிப் பொட்டுன்னு சொன்னது பொய்யிங்க மொதலாளி. அவங்கதான் இது. சினிமாவுலயும் அவங்களுக்குக் கல்யாணம் நடக்கல, வூட்டுலயும் நெலைக்கல. கொலுப்படியிலயாச்சும் ஒரு கல்யாணம் ஒழுங்கா நடக்கட்டும்னுதான் எழுதினேன். என்னைய வேணும்னா வேலைய விட்டு நிறுத்திடுங்க. இந்தக் கல்யாணத்த நிறுத்தாதீங்க."

அந்த நேரம் பார்த்துக் கண்ணம்மாள் வாய் சும்மா இருக்கவில்லை.

"சினிமாவுல வர்ற மாதிரியே ஒருத்தரு வாசல்ல வந்து நிக்கிறாரு பாரு!"

கலியமூர்த்தி குனிந்து பார்த்தார். கையில் பை, கால் நிலைப்படியில், வாய் அப்போதுதான் "வேணாம்" என்று சொல்லி முடித்திருக்கிறது. மனிதர் சட்டென்று உள்ளே ஓர் எட்டு எடுத்து வைத்துவிட்டார். பெயிண்ட் பிரிவே கொல்லென்று சிரித்தது, அவரும் சேர்ந்துகொண்டார்.

"அந்தப் பாவம் எனக்கெதுக்கு? ஏத்துங்கய்யா வண்டியில. விக்கலன்னா என் வூட்டுல வெச்சுக்கிறேன். சின்ன வயசுல அவங்களுக்காக அழுத கண்ணுதானே இதுவும்."

நவராத்திரி வந்தது. ராஜம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை. பொம்மைகள் திரும்பி வந்தால் முதலாளி முகத்தில் எப்படி விழிப்பது என்பதைவிட, குமுதவல்லியை இன்னொரு முறை மாலையோடு எழுப்பி அனுப்பிவிடுவார்களோ என்பதுதான் அவள் கவலை. மூன்றாம் நாள் மத்தியானம் பழமலைநாதன் செல்போனைத் தூக்கிக்கொண்டு பெயிண்ட் பிரிவுக்கு ஓடிவந்தார்.

"யக்கா, கலியமூர்த்தி அண்ணன். ஒங்ககிட்டதான் பேசணுமாம்."

ராஜம்மாள் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள்.

"எல்லாம் வித்துப்போச்சும்மா!" என்று கத்தினார் கலியமூர்த்தி. "ஒருத்தி பாத்துட்டுப் போயி அவ அம்மாளக் கூட்டியாறா, அந்தம்மா அக்கம்பக்கத்தயே கூட்டியாறாங்க. குமுதவல்லி, குமுதவல்லின்னு கடைவாசல்ல நிக்க எடமில்ல. பொண்ணுக்கு வரன் பாக்கிறவங்கதான் மொத ஆளா வாங்குறாங்க. நான் நெனச்சது தப்பு. அது இருக்கட்டும், நேத்து சாயந்திரம் நடந்ததச் சொல்லணும்னுதான் கூப்பிட்டேன்."

"சொல்லுங்க."

"வயசான அம்மா ஒருத்தங்க ஆட்டோவுல வந்தாங்க. முந்தானைய இழுத்து வாய மூடியிருந்தாங்க. பொண்ணு பொம்மையக் கையில வாங்கி அப்படியே நின்னுட்டாங்க. அப்புறம், 'இது மட்டும் போதும், குடுங்க'ன்னாங்க. 'கல்யாண செட்டப் பிரிக்கக் கூடாதும்மா, மாப்பிள்ளையவும் சேத்து வாங்கிக்கங்க'ன்னேன். அதுக்கு அவங்க முந்தானைய எடுத்துட்டுச் சிரிச்சாங்க பாரு, ராஜம்மா! பல்லு போயிருக்குது, முடி வெளுத்திருக்குது. அந்தப் புருவம் அப்படியே மேல போவுது. அந்த மச்சம் அங்கயே இருக்குது."

ராஜம்மாள் கையிலிருந்த துணி கீழே விழுந்தது.

"'மூணு பேரப் பக்கத்துல ஒக்கார வெச்சுப் பாத்துட்டேன் தம்பி. போதும். இவ தனியாவே நல்லா இருப்பா'ன்னாங்க. யாரு எழுதினதுன்னு கேட்டாங்க. விருத்தாசலத்துல ராஜம்மாள்னு ஒரு அம்மான்னேன். 'என்னைய சிரிக்க வெச்சதுக்குச் சந்தோஷம்னு சொல்லுங்க'ன்னாங்க. மடியில வெச்சுக்கிட்டு ஆட்டோவுல போயிட்டாங்க."

ராஜம்மாளுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. கூடவே சிரிப்பும் வந்தது. எத்தனை வருஷமாக அந்த அம்மாவுக்குக் கல்யாணம் நடக்கவில்லையே என்று இவள் கிடந்து உருகியிருக்கிறாள்! தான் மட்டும் டீ போட்டுக் கொடுத்து வழியனுப்பிவிட்டு நிம்மதியாக இருந்தாளே, அந்த நிம்மதி அந்த அம்மாவுக்கும் கிடைத்திருக்கும் என்று ஒருநாளாவது தோன்றியதா?

"இன்னொண்ணு ராஜம்மா" என்றார் கலியமூர்த்தி. "ஒத்த மாப்பிள்ளை கடையில மாலையோட முழிச்சிட்டு நிக்கிறாரு. அவர என்னா பண்ணட்டும்?"

ராஜம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ஒரு டீயக் குடுத்து அனுப்பிச்சிடுங்க" என்றாள்.

அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கம்பெனி ஆட்கள் எல்லோரும் மதில்மேல் ஏறிவிட்டார்கள்.