வாப்பாவுக்குத் தொழுவிக்கப் போன வழி

கண்டியில் என் கராஜில் காலைத் தேத்தண்ணியைக் கையில் எடுத்தபோது, கல்முனையிலிருந்து தம்பி அழைத்தான். வாப்பா மௌத்தாகிவிட்டார். பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். எங்கள் குடும்பத்தில் அடக்கத்துக்கு முந்திய ஜனாஸாத் தொழுகையை மூத்த மகன்தான் முன்னால் நின்று தொழுவிப்பது. நான் மறந்துவிடுவேன் என்று சந்தேகப்பட்டவர் போல வாப்பா அதை அடிக்கடி சொல்லிக்கொண்டே இருந்தார். விடாமல் ஓடினால் நேரத்துக்குப் போய்விடலாம்.

என்னிடம் இருந்ததோ பின் சில்லுகளால் ஓடும் பழைய ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார். வேகத்தில் அதை மிஞ்ச முடியாது, நம்பத்தான் முடியாது. சில கிழமைகளாகப் பின்னாலிருந்து ஒரு உறுமல். பின் சில்லுகளைச் சுழற்றும் டிஃபரன்ஷலா, சில்லு பேரிங்கா என்று பிடிபடவில்லை. தம்பியும் ஊரில் கராஜ் வைத்திருக்கிறான். பெருநாள் லீவில் இருவரும் கழற்றிப் பார்க்கலாமென்று, சில்லு பூட்டும் ஹப் ஒன்றைப் பேரிங்கோடு பழசாக வாங்கி டிக்கியில் போட்டிருந்தேன்.

மஹியங்கனை தாண்டி இரண்டு பக்கமும் காடு. உறுமல் அரைக்கிற சத்தமாக மாறியது. எக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தேன், சத்தம் மாறவில்லை. டிஃபரன்ஷல் என்றால் இழுவை விட்டதும் குரல் மாறும். காரை இடப்பக்கம் வெட்டினேன். பாரம் வலது சில்லில் விழுந்ததும் சத்தம் கூடியது. வலது பேரிங்தான். அல்ஹம்துலில்லாஹ் என்றேன், டிஃபரன்ஷலை நடுக்காட்டில் எவன் கழற்றுவது? இறங்கிப் பார்த்தால் ஹப் கை வைக்க முடியாத சூடு. இன்னும் ஓடினால் சில்லே கழன்றுவிடும்.

மறித்த ஒரே பஸ்ஸும் நிற்காமல் போனது. போத்தல் தண்ணீர் முழுவதையும் ஹப்பை ஆற்ற ஊற்றினேன். நடு நட்டு துருவேறி அசைய மறுத்தது. அவசரத்துக்கு அண்டாவிலும் கை நுழையாது. ஸ்பேனர் பிடியில் ஏறிக் குதித்தேன். வாப்பாவைக் குளிப்பாட்டும் நேரத்தில் இங்கே ஒரு நட்டோடு மல்லுக்கட்டுகிறேனே என்று அழுகை வந்தது. நட்டைத் தூஷணத்தால் ஏசினேன், அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்டுத் தவ்பாச் செய்தேன், திரும்பவும் ஏசினேன். பொழுது மேற்கே சரிந்த பிறகுதான் அசைந்தது. கருகிய கிரீஸுக்குள் கையை விட்டுப் கெட்ட ஹப்பை உருவி டிக்கியில் இருந்ததைப் பூட்டும்போது தம்பி மறுபடி அழைத்தான்.

"எங்க நிக்கிறீங்க காக்கா? ஆக்கள் எல்லாம் வந்திட்டாங்க."

ஹப் மாற்றிக்கொண்டிருக்கிறேன், வந்துவிடுவேன், கொஞ்சம் பொறுக்கச் சொல் என்றேன்.

அதற்குப் பிறகு கார் சத்தமே இல்லாமல் ஓடியது. அந்த அமைதியைக் கேட்கக் கேட்க எனக்கு ஆத்திரம்தான் வந்தது.

சூரியன் விழும் நேரத்தில் தொழவும் கூடாது, அடக்கவும் கூடாது. அதற்குமுன் முடிக்க வேண்டுமென்பதால் பெரியவர்களால் இனியும் பொறுக்க முடியவில்லை. பள்ளிவாசலில் நான் இறங்கும்போது ஜனாஸாத் தொழுகையின் நான்கு தக்பீர்களில் முதலாவது கேட்டது. கடைசி வரிசையிலாவது சேர்ந்துகொள்ளலாமென்று ஓடினேன். என் கையைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். முழங்கை வரை கிரீஸ். அது அப்பியிருக்கும்வரை தண்ணீர் தோலில் படாது, தொழுவதற்கான வுளூ சேராது.

தம்பி வரிசையில் இல்லை. சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு, தேங்காயெண்ணெயும் சவர்க்காரத் தூளுமாகக் குழாயடியில் நின்றான். நான் எந்தக் கையோடு வருவேன் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. என் கைகளை இழுத்துத் தேய்த்தான். இரண்டாவது தக்பீர். மூன்றாவது. நீயாவது போய்ச் சேர் என்று கெஞ்சினேன். அவன் அசையவில்லை. நகக்கண் வெளுக்குமுன் உள்ளே சலாம் கொடுத்துத் தொழுகையை முடித்துவிட்டார்கள்.

நான் குழாயடியிலேயே குந்தி அழுதேன். தம்பி என் விரல்களை ஒவ்வொன்றாகத் தேய்த்துக்கொண்டே இருந்தான்.

"ஜனாஸா தவறினவங்க அடக்கினாப் பிறகும் தொழலாம்தானே. பொழுது பட்டு மஃரிபு முடிய கப்ரடியில நீங்க தொழுவியுங்க காக்கா. பின்னால நிக்க ஆள் வேணுமெண்டுதான் நானும் இன்னும் தொழல்ல."