அடி வாங்கிய மானிட்டர்

அந்த மானிட்டரை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

ஓசூரில் ராயக்கோட்டை ரோட்டில் எலெக்ட்ரானிக்ஸ் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். கம்பெனிகளுக்குப் பையோடு போய் இறங்கினால் இன்னமும் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, மெக்கானிக் எங்கேம்மா என்று கேட்பார்கள். அது பழகிவிட்டது. அன்றைக்குப் போனது ஒரு சின்ன கம்பெனி. அங்கே கம்ப்யூட்டர் ஓட்டுகிற ஒரு பழைய சி.என்.சி லேத் மெஷின், அதன் தலையில் பழைய டிவி மாதிரி ஒரு குண்டு மானிட்டர்.

என்ன கோளாறு என்று நான் கேட்பதற்கு முன்பே முதலாளி தீர்ப்புச் சொல்லிவிட்டார். ஆபரேட்டர் அடித்தே கெடுத்துவிட்டானாம். அவனை வேலையிலிருந்து நிறுத்தியாகிவிட்டதாம். அடிபட்டுத்தான் கெட்டது என்று எல்லோர் முன்னாலும் நான் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் மற்றவர்களுக்கும் பயம் இருக்குமாம். நான் இன்னும் பையைக்கூடத் திறக்கவில்லை.

அந்த ஆபரேட்டரை உள்ளே வரும்போதே பார்த்திருந்தேன். திருநெல்வேலிப் பக்கத்துக்காரன். திரும்பச் சேர்த்துக்கொள்வார்களா என்று தினமும் காலையில் வந்து கம்பெனி கேட்டுக்கு வெளியே நிற்கிறானாம். படம் மங்கினால் அவன் மானிட்டரைத் தட்டுவது உண்மைதான். அந்த ஷெட்டில் எல்லோரும்தான் தட்டுகிறார்கள். முதலாளியும் தட்டுவார் என்று பக்கத்து மெஷின்காரர் என் காதோடு சொன்னார்.

ஸ்விட்சைப் போட்டேன். திரையின் நடுவில் ஒரே ஒரு படுக்கைக் கோடு, மேலும் கீழும் இருட்டு. பிக்சர் டியூப் நன்றாக இருக்கிறது, படத்தை மேலிருந்து கீழாக விரிக்கிற சர்க்யூட்தான் படுத்துவிட்டது என்று அர்த்தம். அடிபட்டு, சால்டர் வைத்து ஒட்டிய இடம் விட்டிருக்கவும் வழியுண்டு. அதனால் அவசரப்பட்டு எதுவும் சொல்லவில்லை. பவரை நிறுத்தி, டியூபில் தேங்கி நிற்கும் கரண்டை இறக்கிவிட்டு, போர்டை வெளியே எடுத்தேன். சால்டர் எல்லாம் கெட்டியாக இருந்தது. ஆனால் மூடியின் காற்றுத் துளைகளுக்கு நேர் கீழே போர்டு பச்சை பூத்துக் கிடந்தது. ஒரு செம்புத் தடம் அரித்து அறுந்திருந்தது. சுற்றிலும் குங்குமக் கறை, ஓரத்தில் அழுகிக் காய்ந்த சாமந்தி இதழ்கள்.

ஒரு இதழை எடுத்து முதலாளியிடம் காட்டினேன். அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. கம்பெனிக்கு வந்த முதல் மெஷின் அதுதானாம். ஆயுத பூஜைக்கு அதற்கு மட்டும் அவர் கையாலேயே மானிட்டர் மேல் மாலை போடுவாராம்.

“லீவு முடிஞ்சு தொறக்கற வரைக்கும் மாலை வாடக்கூடாதும்மா. வாட்ச்மேன்கிட்ட சொல்லி காலைல சாயங்காலம் தண்ணி தெளிக்க வெச்சேன்,” என்றார் பெருமையாக.

எனக்குக் கோபம் உச்சந்தலை வரைக்கும் ஏறியது. மானிட்டருக்கு மேலே வேளா வேளைக்குத் தண்ணீர் தெளிக்கச் சொன்ன மனிதர், அதற்கு முன்னால் நின்று உழைத்தவனைத் துரத்தியிருக்கிறார். தண்ணீர் உள்ளே இறங்கி மெல்ல மெல்ல அரித்திருக்கிறது, அடிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று எல்லோர் காதிலும் விழச் சொன்னேன். மற்ற மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்ததால் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. மெதுவாகச் சொல்லவும் எனக்கு வராது.

சாமி காரியத்தில் குற்றம் சொல்லாதே என்றார் முதலாளி. சாமியை நான் ஒன்றும் சொல்லவில்லை, உங்களைத்தான் சொல்கிறேன் என்றேன். பச்சையைச் சுரண்டித் துடைத்து, அறுந்த இடத்தில் ஒரு வயரை வைத்துச் சால்டர் செய்தேன். ஸ்விட்சைப் போட்டதும் கோடு விரிந்து திரை முழுக்க எண்கள் வந்தன.

நேரே கேட்டுக்குப் போய் ஆபரேட்டரிடம் விஷயத்தைச் சொன்னேன். சந்தோஷப்படுவான் என்று நினைத்தேன். அவனுக்கு முகம் வெளிறிப்போயிற்று.

“எக்கா, ஏன் அப்படிச் சொன்னீய? நான் அடிச்சதாவே இருந்துட்டுப் போவட்டும். மன்னிப்புக் கேட்டா சேத்துக்கிடுவாரு. அவரு மேல தப்புன்னு ஆயிட்டா என்னைய எப்படிக்கா உள்ள விடுவாரு?”

சொல்லிவிட்டு உள்ளே ஓடினான். நானும் பின்னாலேயே போனேன். எல்லோர் முன்னாலும் கையைக் கட்டிக்கொண்டு, தான்தான் அடித்துக் கெடுத்ததாகவும் இனிமேல் அப்படி நடக்காது என்றும் சொன்னான். போகட்டும், பொழச்சுப் போ என்று முதலாளி மன்னித்தார். எங்க முதலாளிக்குப் பெரிய மனசு என்று பக்கத்து மெஷின்காரர் என்னிடமே சொன்னார்.

நான் பேச வாயெடுத்தேன். ஆபரேட்டர் திரும்பிப் பார்த்து, வேண்டாம் என்று கண்ணாலேயே கெஞ்சினான். மூடியை மாட்டி ஒவ்வொரு ஸ்க்ரூவாக இறுக்கினேன். அவ்வளவு கோபத்தை வைத்துக்கொண்டு நான் சும்மா இருந்தது அந்த ஒரு தடவைதான்.