இசக்கியம்மன் சொன்ன டயர்

எங்கள் வீட்டில் இசக்கியம்மனைக் கேட்டு வந்தவை இரண்டு. ஒன்று நான். மற்றது லாரியின் டயர்கள். எனக்காக யாரும் சண்டை போட்டதாகத் தெரியவில்லை. டயர்களுக்கோ ஒரு வாரம் வீடே இரண்டுபட்டது.

கல்லிடைக்குறிச்சிப் பக்கம் அறுப்பு முடிந்ததும் வயல்களில் வைக்கோல் ஏற்றி, மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்துக்குக் கொண்டுபோவது அப்பாவின் தொழில். ஓட்டுவதும் அவர்தான். பள்ளி இல்லாத நாட்களில் என்னையும் ஏற்றிக்கொண்டு போய், ஆற்றுப்பாலம் தாண்டி அம்பாசமுத்திரத்தில் அத்தை வீட்டில் இறக்கிவிடுவார்.

அந்தப் பாலத்துக்காகவே நான் போவேன். லாரியின் இருக்கையிலிருந்து பார்த்தால் பாலத்துக் கைப்பிடிச் சுவர் கண்ணுக்குக் கீழே போய்விடும். தாமிரபரணி மட்டும் இருக்கும். பாறைகளும் நாணலும் துணி துவைக்கிற பெண்களும் மிதந்து மிதந்து பின்னால் போவார்கள். எங்கும் வைக்கோல் வாசம். லாரி ஓடுகிறதா ஆறு ஓடுகிறதா என்று தெரியாது. பாதித் தூக்கத்தில் நான் பறந்துகொண்டிருப்பேன். இன்றைக்கும் சொர்க்கம் என்று யாராவது சொன்னால் எனக்கு அந்த உயரம்தான் ஞாபகம் வருகிறது.

டயர்கள் தேய்ந்து வழுக்கையானபோது வந்தது வினை. மாமா, அதாவது அம்மாவின் தம்பி, அப்பாவுக்கு மாற்று ஓட்டுநர். பேட்டையில் ஒரு கடையில் புதிதாக வந்திருந்த குட்டை டயரைப் பார்த்துவிட்டு வந்து அதிலேயே நின்றார். அதைப் போட்டால் வண்டி நாலு விரற்கடை தாழ்ந்து நிற்கும்.

“அத்தான், வைக்கோல் லோடு ஆகாசத்துக்கு நிக்குது. வண்டி தாந்திருந்தா வளைவுல ஆடாதுலா. மலையேத்தத்துல இழுவையும் நல்லாருக்கும்.”

“வயல்ல எறங்கும்போது அடி தட்டுனா நீரு வந்து தூக்குவீராவே? லாரின்னா லாரி மாரி நிக்கணும். ஆட்டுக்குட்டி மாரி குனிஞ்சு நிக்கப்படாது.”

இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதுதான் தொல்லை. மச்சினன் சொல்லிவிட்டார் என்பதற்காகவே அப்பா உயர டயரை விடுவதாக இல்லை. நான் அப்பா கட்சி. குட்டை டயர் வந்தால் ஆறு சுவருக்குப் பின்னால் போய்விடுமே!

அம்மா எந்தக் கட்சியிலும் இல்லை. லாரி கிளம்பும்போது வாசலில் நின்று பார்ப்பாள், அவ்வளவுதான். முந்தின வருஷம் லோடுக்குக் கயிறு கட்டும்போது அப்பா வழுக்கி விழுந்திருந்தார். அதற்குப் பிறகு வண்டியில் ஏறுமுன் டயரைத் தட்டிப் பார்ப்பார், கதவைத் தடவுவார், கண்ணாடியைத் துடைப்பார். கம்பியைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் பைய ஏறுவார். லாரிமேல் இவருக்குத்தான் என்ன பாசம் என்று நான் பூரித்துப்போவேன். மாமா ஒருமுறை, “முட்டி எப்படி இருக்கு அத்தான்?” என்று கேட்டுவிட்டார். “என் முட்டிக்கு ஒண்ணும் இல்லவே. ஸ்டியரிங்கைப் பிடுங்கப் பாக்கீரோ?” என்று அப்பா சீறினார். அன்றோடு முட்டி என்ற சொல்லே எங்கள் வீட்டில் ஒழிந்துபோயிற்று.

ஒரு நாள் சாப்பாட்டுக்கு நடுவில் இருவரும் தொண்டை கிழியக் கத்தியபோது அம்மா குழம்புக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

“போதும். இசக்கியம்மன்கிட்ட பூக்கட்டிப் பாப்போம்.”

கல்யாணமோ கிணறோ, எங்கள் பக்கத்தில் முடிவுக்கு வராத சங்கதி எதுவும் கடைசியில் அங்கேதான் போகும். வெள்ளைப் பூவை ஒரு பொட்டலமாகவும் சிவப்புப் பூவை ஒரு பொட்டலமாகவும் இலையில் கட்டி, அம்மன் காலடியில் போட்டு, ஒரு பிள்ளையை எடுக்கச் சொல்வார்கள். நந்தியாவட்டை வந்தால் உயர டயர், செவ்வரளி வந்தால் குட்டை டயர் என்று பேச்சு. பாவம், டயர் அளவை அம்மனிடம் அதற்கு முன் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். எந்தக் கட்சியிலும் சேராதவள் என்பதால் பூக்கட்டும் பொறுப்பு அம்மாவுக்கு வந்தது.

வாய்க்கால் கரைக் கோயிலில் வெயில் வேப்பிலை வழியாகச் சொட்டிக்கொண்டிருந்தது. கற்பூரப் புகையில் அம்மன் முகம் கலங்கிக் கலங்கித் தெரிந்தது. வெள்ளை, வெள்ளை, வெள்ளை என்று மனசுக்குள் கதறிக்கொண்டே ஒன்றை எடுத்தேன். பூசாரி பிரித்தார். செவ்வரளி!

மாமா துள்ளினார். “அந்த இன்னொண்ணையும் பிரிச்சுப் பாப்போம் அத்தான்.”

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டென்று குனிந்து மற்றப் பொட்டலத்தை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார் அப்பா.

“அம்மன் சொன்ன பெறகு சோதிக்கப்படாது மாப்ள. குட்டை டயரே போடுவோம்.”

பேட்டைக்குப் போய் டயர் மாற்றினார்கள். சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார்கள். அடுத்த லோடுக்கு நானும் போனேன். வாசலில் அம்மா நின்றாள். அப்பா டயரைத் தட்டவில்லை, கண்ணாடியைத் துடைக்கவில்லை. ஒரே எட்டில் ஏறி உட்கார்ந்தார். பாசம் குறைந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

பாலத்தில் சுவர் எழும்பி வந்து ஆற்றை மறைத்தது. மேலே ஒரு துண்டு வானமும் ஒரு கொக்கும்தான் மிச்சம். நான் விம்மி விம்மி அழுதேன்.

பாலம் தாண்டியதும் அப்பா ஓரமாக நிறுத்தினார். சட்டைப்பையிலிருந்து அந்தப் பொட்டலத்தை எடுத்து வாழைநாரை அவிழ்த்தார். வாடிப்போன பூ உள்ளே இருந்தது. அதுவும் செவ்வரளி! அப்பா தனக்குள்ளேயே வெகுநேரம் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். பூவை என் தலையில் சொருகி, “அம்மாட்ட சொல்லாதட்டி” என்றார்.

எனக்குப் புல்லரித்தது. வெள்ளைப் பூவையும் சிவப்பாக்கிவிட்டாளே இசக்கி! எப்பேர்ப்பட்ட தெய்வம்! வெளியே சொன்னால் சக்தி போய்விடும் என்று வாயைக் கட்டிக்கொண்டேன். நான் கல்லூரிக்குப் போன பிறகும் அப்பாதான் அந்த லாரியை ஓட்டினார்.

அப்பாவின் முட்டி வலியை இசக்கியிடம் யார் சொன்னது என்று மட்டும் அன்றைக்கு எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.