மாரிக்கனியின் குடைக்கம்பி

காற்றை அளக்கும் மீட்டரைப் பையிலேயே வைத்துவிட்டு, முதலில் குடைக்கம்பியைத்தான் எடுப்பார். அதன் நுனியில் பேண்டேஜ் துணியிலிருந்து உருவிய இழை ஒன்று தொங்கும். சுவரில் காற்று வரும் ஜாலிக்கு நேரே நீட்டி, இழை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்துக்கொண்டே நிற்பார். "மீட்டரு எம்புட்டுன்னு சொல்லும். எங்கிட்டுன்னு இதுதான சொல்லும்" என்பார்.

மாரிக்கனி அக்காவுக்கு ஐம்பத்திரண்டு வயது. புதிதாகக் கட்டிய ஆஸ்பத்திரியோ ஹாஸ்டலோ, உள்ளே காற்று விதிப்படி வந்து போகிறதா என்று சோதித்துச் சான்று தரும் மதுரைக் கம்பெனிக்கு இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்து ஆள் இவர்தான். யார் வீட்டுக்குப் போனாலும் உட்காருமுன் ஜன்னலைத் திறந்துவிடுவார். எங்கள் வீட்டுக் கொசுக்கடிக்கு இன்றும் அவரைத்தான் திட்டுகிறோம்.

இளமையில் நூல் மில்லில் வேலை. அந்தப் பேச்சை எடுத்தால் லேசில் விடமாட்டார். காற்றுப் பட்டு நூல் அறுந்துவிடக் கூடாதென்று ஜன்னலையெல்லாம் அடைத்திருப்பார்களாம். ஷிப்டு முடிந்து வெளியே வந்தால் எல்லாப் பெண்களுக்கும் தலை வெளுத்திருக்கும். கேட்டருகே நின்று ஒருத்தி தலையில் இன்னொருத்தி பஞ்சு பொறுக்குவாள். "என்ன ஆச்சி, பேரன் சௌக்கியமா" என்று பதினெட்டு வயதுக்காரிகள் கேட்டுச் சிரிப்பார்களாம். மூச்சு முட்டிய இடத்துக்காக ஒருவர் இப்படி ஏங்குவதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அன்றைக்கு இவர் தலையில் பஞ்சு பொறுக்கியவர் வெள்ளத்தாய்.

அந்த வெள்ளத்தாய்தான் இப்போது சொந்தமாகப் பேண்டேஜ் துணி தயாரிக்கும் கூடம் கட்டியிருக்கிறார். வெள்ளிக்கிழமை திறப்பு, ஊரெல்லாம் பத்திரிகை கொடுத்தாயிற்று. சோதிக்கப் போன மாரிக்கனியோடு நானும் வேடிக்கை பார்க்கப் போயிருந்தேன். கம்பியை நீட்டினார்; இழை அசையவே இல்லை. ஏணியில் ஏறி ஜாலியைக் கழற்றினால், காற்று நுழையும் வழியில் பேண்டேஜ் துணியை மடித்து மடித்து அடைத்திருந்தார்கள்.

"பக்கத்துல கல்லு அறுக்காக. தூசி விழுந்தா சரக்கு அம்புட்டும் திரும்பி வந்துரும்டி" என்றார் வெள்ளத்தாய்.

"அதுக்குன்னு உள்ள பில்டரப் போடு. பொறவு வாரேன்."

"அது வர ரெண்டு வாரம் ஆகும். ஒரே மிஷின்ல நின்னவளுக நாம. எனக்கு ஒரு கையெழுத்துப் போடமாட்டியா?"

"ஏட்டி, நம்ம மில்லுலயும் சரக்குக்காகத்தான ஜன்னல அடைச்சாக. இங்கன உக்காந்து வேல பாக்கப் போறதும் நம்மள மாதிரி பிள்ளைகதான."

தகுதியில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார் மாரிக்கனி. வெள்ளத்தாய் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மேசையில் காப்பி ஆறிக் கிடந்தது. குடி என்று அவரும் சொல்லவில்லை, இவரும் தொடவில்லை.

வாசலில் ஸ்கூட்டர் அருகே மாரிக்கனி ஹெல்மெட்டைக் கையில் எடுத்தார்.

"செத்த நில்லு" என்றார் வெள்ளத்தாய்.

கிட்டே வந்து, ஜாலியைக் கழற்றியபோது மாரிக்கனியின் தலையில் விழுந்து ஒட்டியிருந்த பஞ்சை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தார். காதோரத்தில் ஒன்று மட்டும் வரவில்லை. மறுபடியும் இழுத்துப் பார்த்தார். பிறகு அந்த நரைமுடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டார்.